ஆற்றங்கரை வீடா, முதியோர் குடியிருப்பா?

தாமிரபரணியுடன் சிற்றாறு கலக்கும் சீவலப்பேரியே முக்கூடற்பள்ளு போற்றும் முக்கூடல். (பீடித் தொழிலுக்குப் பெயர்பெற்ற முக்கூடல் வேறு ஊர்.) அழகரும் துர்க்கையம்மனும் சுடலைமாடனும் கோயில் கொண்ட இவ்வூரில், பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிவிட்டுத் தனித்து வாழும் பெற்றோரிடையே இன்று ஒரு பேச்சு எழுகிறது: கோயம்புத்தூர்ப் பக்கம் பெருகியுள்ள முதியோர் குடியிருப்புகளுக்குப் போய்விடலாமா?

அங்கே மூன்று வேளையும் பொதுச் சமையல், குளியலறையில் கைப்பிடி, நள்ளிரவில் மார்பு வலித்தால் அழுத்துவதற்கு ஒரு மணி. தனிமையில் வாழ்வோருக்கு இவை சிறியன அல்ல. உள்ளேயே பூஜை மண்டபமும் இருக்கும். ஆயினும், பெயரும் நட்சத்திரமும் கேளாமலே அர்ச்சனை செய்யும் ஊர் அர்ச்சகர் அங்கே இல்லை.

பொருள்நிலையே கூர்ந்து நோக்கத்தக்கது. பராமரிப்புக் கட்டணம் உயரும். ஓய்வூதியம் அவ்வாறே உயரும் என்பதற்கில்லை. வாங்கிய வீடு பிள்ளைக்குச் சேர்ந்தாலும், குறித்த வயது நிரம்பாதவர் அதில் குடியிருக்கப் பல இடங்களில் விதி இடந்தராது. நினைவு தவறிப் படுக்கையில் விழுந்தால் பார்ப்பார்களா என்பதையும், முன்பணம் திரும்பும் காலத்தையும் எழுத்தில் பெறவேண்டும். மத்திய அரசு 2019இல் வெளியிட்டவை மாதிரி நெறிமுறைகளே.

ஊர் வீட்டைப் பிள்ளைக்கு எழுதிவைத்துவிட்டுக் கிளம்புவோர், பராமரிப்பு நிபந்தனையைப் பத்திரத்திலேயே சேர்ப்பது நலம். நிபந்தனை மீறப்பட்டால், 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி தீர்ப்பாயம் அப்பத்திரத்தைச் செல்லாததாக்கலாம்.

சில குடியிருப்புகளில் வாடகைக்கும் வீடு கிடைக்கிறது. ஆற்றங்கரை வீட்டை விற்காமல் பூட்டிவைத்துச் சில மாதம் இருந்து பார்த்தால், கோயில் கொடைக்குத் திரும்பிவரத் திண்ணையாவது மிஞ்சும்.