எங்கள் கிணற்றுக்குள் ஒரு ஆறு



போன சித்திரையில் எங்கள் வயல் கிணறு வத்திப் போச்சு. ஆழப்படுத்த ஆள் வைத்தார்கள். முதலில் சேறு வந்தது. பிறகு வழுவழு என்று களிமண். அதற்கும் கீழே மணலும், முட்டை மாதிரி உருண்டையான கூழாங்கல்லும் கூடை கூடையாக வந்தது. ஆறோ எங்கள் வயலில் இருந்து ரொம்ப தூரம். "இது எப்படி தாத்தா இங்க வந்துச்சு?" என்று கேட்டேன். "ஆறு ஒரே எடத்துலயா படுத்திருக்கும் கண்ணு? அது பொரளும்" என்றார்.

தாத்தா சொன்னது சரிதான். வேகமாக ஓடும் தண்ணீர்தான் கல்லை உருட்டிக்கொண்டு வரும். உருண்டு உருண்டு அதன் முனை தேய்ந்துவிடும். வேகம் குறைந்தால் மணல் படியும். தண்ணீர் தேங்கி நின்றால்தான் களிமண் படியும். அப்படிப் பார்த்தால் எங்கள் கிணற்றில் முதலில் ஒரு வேகமான ஆறு, அப்புறம் அது விலகிப்போய் வெள்ளம் மட்டும் வந்து நின்ற காலம். நம் கொசஸ்தலை ஆற்றுக்கு 'விருத்த க்ஷீர நதி', அதாவது பழைய பாலாறு என்றே ஒரு பெயர் உண்டு. இன்று தெற்கே கல்பாக்கம் பக்கம் கடலில் சேருகிற பாலாறு, ஒரு காலத்தில் இந்தப் பக்கமாகத்தான் ஓடியது என்று நிலவியல் அறிஞர்கள் சொல்கிறார்கள்.

இந்த ஆற்று மண்ணை உலகமே படிக்கிற இடம் ஒன்று நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. பூண்டி ஏரியைத் தாண்டி உள்ள அத்திரம்பாக்கம். 1863-ல் இராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்ற இரண்டு நிலவியல் ஆய்வாளர்கள் அங்கே கற்கோடரிகளைக் கண்டார்கள். அங்குள்ள களிமண் மனிதன் தோன்றுவதற்கு ரொம்ப முன்னால் உண்டான பாறை, ஆயுதங்கள் அதன் மேலேதான் கிடக்கின்றன என்று பலர் நினைத்தார்கள். 1999-ல் இருந்து சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் குழுவினர் தோண்டினார்கள். களிமண்ணுக்கு உள்ளேயே, அடுக்கு அடுக்காக ஆயுதங்கள்! அப்படியென்றால் அது பாறை இல்லை. வெள்ளம் மெதுவாகப் பரவிப் பரவிப் படிந்த மண். எருமை, நீலமான் போன்ற விலங்குகளின் பற்களும் கிடைத்தன. மரம் அடர்ந்த காடாக இல்லாமல், ஈரமான திறந்த புல்வெளியாக இருந்திருக்கும் என்று அதை வைத்துச் சொல்கிறார்கள். களிமண்ணுக்கு மேலே இரும்புச் சத்து நிறைந்த செம்மண் சரளை. மழையும் காய்ச்சலும் மாறி மாறி வந்தால்தான் மண்ணில் இரும்பு இப்படிச் சிவந்து இறுகும்.

வயது எப்படித் தெரிந்தது? எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான். விண்வெளியில் இருந்து வரும் கதிர்கள் தரையில் கிடக்கிற கல்லில் பட்டுக்கொண்டே இருக்கும். அதனால் கல்லுக்குள் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்ற இரண்டு பொருள் உண்டாகும். கல் ஆழத்தில் புதைந்துவிட்டால் புதிதாக உண்டாவது ஏறக்குறைய நின்றுவிடும். இருப்பது மட்டும் சிதையும், அதிலும் அலுமினியம் சீக்கிரம் குறையும். இரண்டும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று அளந்தால் கல் புதைந்த காலம் தெரியும். அப்படிப் பார்த்ததில் சுமார் 15 லட்சம் ஆண்டு! 2011-ல் இதை வெளியிட்டார்கள். மேல் அடுக்கில் கிடைத்த சிறிய, நுட்பமான கருவிகளுக்கு 3,85,000 ஆண்டு என்று 2018-ல் சொன்னார்கள். பூண்டியில் உள்ள தொல்பழங்கால அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட கற்கோடரிகளை வைத்திருக்கிறார்கள். பார்க்காதவர்கள் போய்ப் பாருங்கள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். ஆற்றங்கரையில் முன்பு ஒரு மேடு இருந்தது. வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று கோடு போட்ட மாதிரி அடுக்குகள் தெரியும். நான் ஐந்தாவது படிக்கும்போது பார்த்திருக்கிறேன். இப்போது அங்கே பள்ளம்தான் இருக்கிறது. எங்கள் சித்தப்பாவும் அந்த மண் லாரியில் லோடு ஏற்றினவர்தான். நான் போட்டிருக்கிற கொலுசு அந்தக் காசில் வாங்கியது. அதனால் யாரைக் குறை சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த மேட்டை மட்டும் நான் ஒரு படமாவது வரைந்து வைத்திருக்கலாம்.

எங்கள் கிணற்று மண்ணை ஆறு கண்ணாடி பாட்டிலில், ஆழத்தை எழுதி ஒட்டி, அறிவியல் அறை அலமாரி மேல் வைத்திருக்கிறேன். உங்கள் வீட்டில் கிணறோ போர்வெல்லோ போட்டால், பத்து அடிக்கு ஒரு பிடி மண் எடுத்து வாருங்கள். எந்த ஊர், எத்தனை அடி என்று எழுத மறக்காதீர்கள். பாட்டில் நான் தருகிறேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி