ஆறு மாதக் கெடுவும் மனைவியின் கையெழுத்தும்

குடியால் கல்லீரல் கெட்டவர், ஆறு மாதம் குடிக்காமல் இருந்து காட்டினால்தான் மாற்று அறுவைக்குப் பெயர் எழுதுவார்களா? ஒற்றசேகரமங்கலம், பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பக்கத்து வாசகர்களின் கடிதங்களில் இந்தக் கெடுதான் பெரிய குழப்பம்.

கெடு சட்டமா?

இல்லை. 1994ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டத்தில் அப்படி ஒரு வரி கிடையாது. அது மருத்துவமனைகளின் வழக்கம். குடியை விட்டதும் சிலருக்குக் கல்லீரல் தானே தேறிவிடும், அறுவையே வேண்டியிராது என்பது அதிலுள்ள நியாயம். ஆனால் கடும் அழற்சி வந்து ஸ்டீராய்டும் கேட்காதவர்களில் பெரும்பாலோர் ஆறு மாதம் தாண்டுவதில்லை. அவர்களிடம் "காத்திருங்கள்" என்பது சாகச் சொல்வதுதான். 2011இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், கவனமாகத் தேர்ந்தெடுத்த 26 பேருக்குக் காத்திராமல் அறுவை செய்தார்கள். ஆறு மாதம் கழித்து 77 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள்; அறுவை கிடைக்காதவர்களில் 23 சதவீதம். மறுபடி குடித்தவர்கள் மூவர்.

கல்லீரல் யாருடையது?

மேல்நாடுகளில் பெரும்பாலும் மூளைச்சாவு அடைந்தவருடையது. அது பொதுச்சொத்து என்பதால் "யாருக்குத் தகுதி?" என்று அங்கே கேட்கிறார்கள். இங்கே பெரும்பாலும் வீட்டிலிருந்தே வருகிறது. 2022 பிப்ரவரியில் கோட்டயம் அரசு மருத்துவக் கல்லூரியில் நடந்த அறுவையிலும் கணவருக்குக் கொடுத்தவர் மனைவிதான். கொடுப்பவரின் கல்லீரலில் பாதிக்கும் மேல் வெட்டி எடுப்பார்கள். மிச்சம் சில மாதங்களில் வளர்ந்துவிடும். ஆனால் இருநூறு முதல் ஐந்நூறு பேரில் ஒருவர் இறக்கலாம்.

பெண் கொடுத்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், கல்லீரலைப் பெறுபவர் அல்லாத ஒருவர் அவளுடைய சுயசம்மதத்தை உறுதிசெய்ய வேண்டும் என்கிறது 2014ஆம் ஆண்டு விதி. அந்த ஒருவர் யார் என்று விதி சொல்லவில்லை. மாமியாராகவோ கொழுந்தனாராகவோ இருந்தாலும் காகிதத்தில் விதி நிறைவேறிவிடும். வருடக்கணக்காகக் குடியைச் சகித்தவள் அவர்கள் முன்னால் "முடியாது" என்பாளா? அவளைத் தனியாக உட்காரவைத்துப் பேச வேண்டும். மனமில்லை என்றால் வீட்டாரிடம் "கொடுக்கத் தகுதியில்லை" என்று மட்டும் டாக்டர் சொல்லிவிட வேண்டும். பல நாட்டு மருத்துவமனைகளில் இருக்கும் இந்த ஏற்பாடு இங்கே விதியிலேயே ஏற வேண்டும்.

தானே குடித்துக் கெடுத்தவருக்கு ஏன்?

நோயாளியிடம் நடத்தைச் சான்றிதழ் கேட்பது மருத்துவரின் வேலையல்ல.

குமரிக்காரர் திருவனந்தபுரத்தில் பதியலாமா?

2023இல் மத்திய அரசு இருப்பிடச் சான்று வேண்டாம் என்றது. ஆனால் பதிந்ததும் உறுப்பு கிடைத்துவிடாது.

சம்மதித்தவர் பின்வாங்கலாமா?

அறுவை அரங்க வாசல் வரைக்கும். காரணம் சொல்ல வேண்டியதில்லை.