கல்லாய்ப் போன மரங்கள்

தோட்டத்தில் சாய்ந்த ரப்பர் மரம் சில ஆண்டுகளில் உளுத்து மண்ணாவதை நாம் அறிவோம். தமிழ்நாட்டுத் திருவக்கரையிலோ, ஏறத்தாழ 2 கோடி ஆண்டுகளுக்கு முன் விழுந்த மரங்கள் இன்றும் கிடக்கின்றன, கல்லாக! வெள்ளம் அடித்துவந்த அவற்றை மணல் மூடியது. காற்றுப் படாததால் மட்கவில்லை. நீரில் கரைந்திருந்த சிலிக்கா மரத்தின் நுண்ணறைகளில் மெல்ல ஊறி இறுகியது. அசுரனின் எலும்பு என்று ஊரில் ஒரு கதையும் உண்டு, கதை சுவையானதுதான்!

ஜொகூரிலிருந்து வக்கிரகாளியம்மனைத் தரிசிக்கப் போகும் நம்மவர், பிள்ளைகளுக்கு இந்தப் பூங்காவையும் காட்டலாமே. துண்டு எதையும் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது. ஆளுக்கொன்று எடுத்தால் அடுத்த பிள்ளைக்குக் காட்ட என்ன இருக்கும்? அவ்வளவு தூரம் இயலாதவர்க்கு லங்காவி இருக்கிறது. 2007-இல் யுனெஸ்கோ ஏற்ற புவிப்பூங்கா அது. அங்குள்ள மச்சின்சாங் மலைப்பாறைக்கு வயது ஏறத்தாழ 50 கோடி ஆண்டு.