பழம் எடுக்கும் மாதம்

சேலத்தில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு ஏற்காடு ஊருக்கு மேலே தெரியும் ஒரு வெளிச்சம். ராத்திரி மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தால், மலை உச்சியில் விளக்குகள் நட்சத்திரங்களோடு கலந்து கிடக்கும். முழுப்பரீட்சை முடிந்ததும் அப்பா எங்களை அங்கே கூட்டிப்போவார். ஏரியில் படகுக்கு வரிசை, அண்ணா பூங்காவில் மலர்க் கண்காட்சி, பகோடா பாயிண்டில் சுடச்சுட மிளகாய் பஜ்ஜி, இறங்கும்போது வளைவுக்கு வளைவு யாராவது ஒருவருக்கு வாந்தி. வருஷா வருஷம் மே மாதம், இதே வரிசைதான். நாற்பது வயதைத் தாண்டியும் அந்த மலையை வேறொரு மாதத்தில் நான் பார்த்ததில்லை என்பது ஒருநாள் திடீரென்று உறைத்தது.

2025 தை. பொங்கல் கூட்டமெல்லாம் இறங்கிவிட்ட மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை விடியலில் பைக்கை எடுத்தேன். கோரிமேடு தாண்டி, அடிவாரத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவுகள். கோடை விழா நாட்களில் இந்தப் பாதையில் வண்டிகளை ஏற மட்டும் விட்டு, இறங்குபவர்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவார்கள். அத்தனை நெரிசல் இருக்கும். அன்றைக்கு 60 அடிப் பாலம் வரைக்கும் எனக்கு எதிரே வந்தது பால் வண்டி ஒன்றுதான். ஆனால் பாதை காயம்பட்டிருந்தது. கரையேறிய ஃபெஞ்சல் புயல் 2024 டிசம்பர் தொடக்கத்தில் உள்ளே நகர்ந்தபோது, ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டது. சரிந்த இடங்களில் மண் இன்னும் செக்கச்செவேலென்று பச்சைப் புண்போல இருந்தது. அந்த வளைவுகளில் மெதுவாகத்தான் போக மனசு வந்தது.

மேலே, ஏரிக்கரையில் படகுகள் ஒன்றோடொன்று கட்டிக் கிடந்தன. கடைகளில் பாதிக்கு மேல் படுதா இறக்கியிருந்தது. பூங்காவில் பூ இல்லை. பாத்திகளில் மண்ணைக் கொத்திப் போட்டிருந்தார்கள். விடுதியில் கோடையில் கேட்கும் வாடகையில் பாதிதான் கேட்டார்கள். “சீசன் இல்லைங்க சார், ஹீட்டர் போட்டுத் தரேன்” என்றார் அறையைத் திறந்துவிட்ட பையன். விடிகாலையில் 13 டிகிரியை ஒட்டி இறங்கும் குளிர். தைப்பனி தரையைத் துளைக்கும் என்று பாட்டி சொன்னதன் பொருள் சேலத்தில் புரியாது, இங்கே உள்ளங்காலில் புரிந்தது.

சீசன் இல்லை என்ற சொல் அன்று முழுக்கக் காதில் நின்றது. யாருடைய சீசன்? சமவெளியின் வெயில் தாங்காமல் சித்திரையில் மலையேறும் வழக்கம் வெள்ளைக்காரர்கள் விட்டுப்போனது. அதை நாம் பள்ளி விடுமுறையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டோம். அதே வெள்ளைக்காரர்களில் ஒருவர், 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன், இந்தச் சேர்வராயன் மலையில் காபியை நட்டவர். கோடை வாசமும் காபிச் செடியும் ஒரே காலத்தில்தான் இந்த மலைக்கு வந்தன. இரண்டுக்கும் நாள்காட்டி வேறு வேறு. ஒன்றுக்கு சித்திரை, வைகாசி. மற்றதற்குக் கார்த்திகையில் தொடங்கி மாசி வரை. நாம் முதலாவதை மட்டும் சீசன் என்றோம்.

தலைச்சோலை கிராமத்துக்குப் போகும் வழியில் அந்த இரண்டாவதைக் கண்ணால் பார்த்தேன். ஏற்காட்டு டவுனை விட்டு உள்ளே போகப் போக, சில்வர் ஓக் மரங்கள் நெட்டுக்குத்தாக நிற்க, அவற்றில் மிளகுக் கொடி உச்சிவரை ஏறியிருக்க, நிழலுக்கடியில் காபிச் செடிகள். மே மாதம் இவை வெறும் பச்சைப் புதர். அதனால்தான் சின்ன வயதில் காரிலிருந்து இவற்றை நான் கவனித்ததே இல்லை. தையில் கிளை கிளையாக, கணுவுக்குக் கணு, குங்குமம் கொட்டினாற்போல் பழம். இடுப்பில் சாக்கைக் கட்டிக்கொண்டு பத்துப் பன்னிரண்டு பெண்கள் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பழுத்ததை மட்டும் எடுக்க வேண்டும், காம்பைப் பிய்த்துவிடக் கூடாது, அடுத்த வருஷத்துப் பூ அந்தக் கணுக்களை நம்பித்தான் இருக்கிறது. விரல்கள் பார்க்காமலே பார்த்தன. பச்சைக் காயைத் தொட்டதும் விலகின, சிவப்பைத் தொட்டதும் திருகின.

“ஏங்க தம்பி, இந்நேரத்துல என்னத்தப் பாக்க வந்தீங்க? பூக்கூட இல்லையே” என்றார் ஓர் அக்கா.

“இதைத்தான்க்கா” என்றேன். அவர் நம்பவில்லை.

அவருக்குத் தலைச்சோலைப் பக்கம் அரை ஏக்கர் காபி சொந்தமாக இருக்கிறது. அதை முடித்துவிட்டு எஸ்டேட்டுக்கு நாள்கூலிக்கு வருகிறார். சேர்வராயன் மலையின் பழங்குடிகளான மலையாளிகள் சமூகம். பெயரைக் கேட்டுக் கேரளத்தை நினைக்க வேண்டாம். மலையில் வாழ்பவர்கள் என்று பொருள். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து மலையேறியதாகச் சொல்லும் தமிழர்கள். சாமையும் கேழ்வரகும் விதைத்தவர்கள் பிறகு காபிக்காரர்களாகவும் ஆனார்கள்.

2024 டிசம்பரில் உலகச் சந்தையில் அராபிகா விலை 1977-இன் உச்சத்தையே தாண்டிப் போனது. பிரேசிலில் மழை பொய்த்ததுதான் முக்கியக் காரணம். ஏற்காட்டில் விளைவதும் பெரும்பாலும் அராபிகாதான். “வெலை இருக்குதுங்க. ஆனா புயல் மழையில பாதிப் பழம் வெடிச்சுக் கீழ கொட்டிருச்சு” என்றார் அக்கா. அங்கே வறட்சி, இங்கே வெள்ளம். நடுவில் அவருடைய அரை ஏக்கர். கீழே விழுந்ததையும் விடாமல் பொறுக்கித் தனிச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

மூன்றரை மணிக்கு எடை போட்டார்கள். பிறகு களத்துக்குப் போனேன். பல்பரில் தோல் நீங்கிய கொட்டைகள் தொட்டியில் வழவழவென்று ஊறிக்கொண்டிருந்தன. அந்தப் பசை புளித்துக் கழல வேண்டும். சமவெளியாக இருந்தால் சீக்கிரம் ஆகும், தைக் குளிரில் ஒன்றரை நாள்கூட இழுக்கும். கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது. களத்துப் பெரியவர் கையை முழங்கைவரை விட்டு ஒரு பிடி அள்ளினார். இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே தேய்த்து என் காதருகே கொண்டுவந்தார். நொழுநொழுவென்றுதான் இருந்தது. “இன்னும் ஆகல. நாளைக்குக் கேட்டுப் பாருங்க, கூழாங்கல்லாட்டம் சரசரன்னு சத்தம் வரும்” என்றார். மறுநாள் காலை கேட்டேன். வந்தது. அதன்பின் கழுவிக் களத்தில் பரப்பி, நாள்பூராக் கிளறிவிட்டு, வாரம் பத்து நாள் வெயிலில் காயவைக்கிறார்கள். ஆறு கிலோ பழம் எடுத்தால் ஒரு கிலோ காபிக்கொட்டை தேறும்.

வெளியாட்களின் சீசனும் ஊரின் அறுவடையும் வேறு வேறாக இருப்பது ஏற்காட்டில் மட்டுமல்ல, மத்தியதரைக் கடல் தீவுகளிலும் இப்படித்தான். கிரீட், மயோர்க்கா போன்ற தீவுகளுக்கு வேனிலில் வெளியாட்கள் கடற்கரைக்காகக் குவிவார்கள். குளிர்காலத்தில் பல விடுதிகள் அடைத்துக்கிடக்கும், அப்போதுதான் ஆலிவ் தோப்புகளில் அறுவடை நடக்கும். 1838 நவம்பரில் ஜார்ஜ் சாண்ட் என்ற பிரெஞ்சு எழுத்தாளரும் இசைமேதை ஷோப்பனும் மயோர்க்காவுக்குப் போய், வால்டெமோசா என்ற மலையூரின் பழைய மடத்தில் குளிர்காலத்தைக் கழித்தார்கள். மழையும் ஈரமும் படுத்தின, ஷோப்பனுக்கு உடம்பு மோசமானது. ஆனாலும் தன் 24 பிரெலூடுகளை அவர் நிறைவுசெய்தது அங்கேதான். சாண்ட் பின்னர் அந்தக் குளிர்காலத்தைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இயற்கையைக் கொண்டாடியவர், தீவு மக்களைக் கடுமையாக எழுதிவிட்டார். அதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது. ஆள் இல்லாத காலத்தில் போகிறவருக்குத்தான் ஊர்க்காரர்களோடு உட்கார நேரம் கிடைக்கிறது. அந்த நேரத்தை அவர் தவறவிட்டார்.

ஆகவே ஏற்காட்டுக்குத் தையிலோ மாசியிலோ போங்கள். சனி, ஞாயிறை விட்டுவிடுங்கள். மலைக்கும் அது நல்லது. கோடையில் உள்ளூர்க்காரர்களே தண்ணீருக்கு அலையும்போதுதான் நாம் ஆயிரக்கணக்கில் போய் இறங்குகிறோம். அந்தக் கூட்டத்தில் ஒரு பங்கு தைக்கும் மாசிக்கும் நகர்ந்தால், படுதா இறக்கிய கடைகளில் சில திறந்திருக்கும். தோட்டத்துக்குள் கேட்டுக்கொண்டு நுழையுங்கள், அது அவர்கள் பிழைப்பு நடக்கும் இடம். மிளகும் காபியும் அங்கேயே, விளைவித்தவர் கையில் வாங்குங்கள். சாயங்காலம் ஐந்துக்கு மேல் பனிமூட்டத்தில் வண்டி ஓட்ட வேண்டாம். முன்னால் போகிறவரின் பின்விளக்குகூடத் தெரியாது.

தலைச்சோலையில் அண்ணாமலையார் கோயில் ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. மறுநாள் மதியம் ஏறினேன். என்னைத் தவிர யாருமில்லை. ஒருபக்கம் வெயில், மறுபக்கம் பள்ளத்திலிருந்து மேகம் ஏறி வந்துகொண்டிருந்தது. அது மரங்களை ஒவ்வொன்றாக விழுங்குவதை நின்று பார்த்தேன். கீழிருந்து யாரோ சத்தம் போட்டார்கள். கூச்சல் களத்திலிருந்து களத்துக்குத் தாவியது. மேகம் வந்துவிட்டால் காய்ந்த கொட்டை மறுபடி ஈரம் குடித்துவிடும். நானும் இறங்கி ஓடினேன்.

அந்த அக்கா வீட்டு வாசலில் சின்னக் களம். அவரும் மகனும் கொட்டையைக் குவித்துக்கொண்டிருந்தார்கள். தார்ப்பாயின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார், கேட்கவெல்லாம் இல்லை. நான்கு மூலையிலும் கல் வைத்து முடிப்பதற்குள் எதிர்வீடு மறைந்துவிட்டது.

“மே மாசம் குடும்பத்தோட வருவீங்களா?” என்றார்.

“எப்ப வரச் சொல்றீங்கக்கா?”

கொஞ்சம் யோசித்தார். “பங்குனியில ஒரு மழ பேயும். பேஞ்ச எட்டாம் நாள், ஒம்பதாம் நாள் வாங்க. காபிச் செடி அத்தனையும் வெள்ளையாப் பூத்து நிக்கும், மல்லியாட்டம் வாசம். ரெண்டு மூணு நாள்தான். அப்புறம் கருகிரும்.”

“மழை பெய்ஞ்சது எனக்கு எப்படித் தெரியும்?”

மகனைக் கூப்பிட்டு என் நம்பரைப் போனில் ஏற்றச் சொன்னார். பெயர் கேட்காமலே அவன் ‘சேலம்’ என்று போட்டுக்கொண்டான்.