ஓரியூர்ச் செம்மண்: மறவர் சீமைக் கிறித்தவரிடையே மேய்ப்பர் இரங்கலும் நினைவேந்தலும்

ஆய்வுச் சுருக்கம்

சிவகங்கை மறைமாவட்டத்தில் இரு மேய்ப்பர்களின் இறப்பு நெடுங்காலமாக நினைவுகூரப்பட்டு வருகிறது. ஒருவர் 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட தூய அருளானந்தர்; மற்றவர் 1973இல் சருகணியில் மறைந்த லூயி லெவே அடிகளார். மேய்ப்பரை இழந்த இறைமக்கள் தம் துயரை எவ்வடிவில் வெளிப்படுத்தினர், அவ்வடிவங்கள் தமிழர் இறப்புச் சடங்கு மரபோடு எவ்வாறு தொடர்புறுகின்றன என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஓரியூர், அருளானந்தர், சருகணி, நினைவேந்தல், நடுகல், நேர்த்திக்கடன்.

முன்னுரை

காரைக்குடி, தேவகோட்டை முதலிய செட்டிநாட்டு ஊர்களும் அவற்றிற்குத் தெற்கே விரியும் பழைய மறவர் சீமையும் இன்று கத்தோலிக்கத் திருச்சபையின் ஆட்சியமைப்பில் சிவகங்கை மறைமாவட்டத்திற்குள் அடங்குகின்றன. சிவகங்கை, இராமநாதபுரம் ஆகிய மாவட்டங்களைக் கொண்ட இம்மறைமாவட்டம் 1987இல் நிறுவப்பட்டது. இப்பகுதியின் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் பெரிதும் இயேசு சபைக் குருக்களின் கடிதங்களைச் சார்ந்தே எழுதியுள்ளனர். அக்கடிதங்கள் ஐரோப்பாவிலிருந்த மேலாளர்களுக்கும் வாசகர்களுக்கும் எழுதப்பட்டவை. மறைச்சாட்சியின் இறப்பு அவற்றில் வெற்றியாகப் போற்றப்படுகிறது. அதே இறப்பைத் தம் மேய்ப்பரின் இழப்பாக உணர்ந்த உழவரும் கூலியாளரும் தம் துயரை எழுதிவைக்கவில்லை. எனவே அவர்களது இரங்கலை அறிய, அவர்கள் வழிவழியாகச் செய்துவரும் சடங்குகளையே சான்றாகக் கொள்ள வேண்டியுள்ளது.

ஓரியூர் நிகழ்வு

1647இல் லிஸ்பனில் பிறந்த ஜான் தெ பிரிட்டோ 1673இல் இந்தியாவுக்குப் பயணமானார். மதுரை மறைப்பணித் தளத்தில் சேர்ந்து, காவியுடுத்தி, புலால் தவிர்த்து, பண்டாரசாமி வாழ்வை மேற்கொண்டார். அருளானந்தர் என்னும் தமிழ்ப்பெயரே மக்களிடையே நிலைத்தது. 1686இல் மறவர் நாட்டில் கைதாகிக் காளையார்கோயில் உள்ளிட்ட இடங்களில் வதைக்கப்பட்டார். மீண்டும் போதிக்கக் கூடாது என்ற தடையுடன் விடுவிக்கப்பட்டார். அதன்பின் ஐரோப்பா சென்றவர், அங்கேயே தங்கிவிட வாய்ப்பிருந்தும் 1690இல் திரும்பி வந்தார்.

மறவர் தலைவருள் ஒருவரான தடியத்தேவர் 1693 சனவரியில் திருமுழுக்குப் பெற்றார். கிறித்தவ நெறிப்படி ஒரு மனைவியை மட்டும் ஏற்று ஏனையோரை விலக்கினார். விலக்கப்பட்டவருள் ஒருவர் கிழவன் சேதுபதியின் உறவினர். அவரது முறையீட்டைத் தொடர்ந்து அருளானந்தர் கைதாகி இராமநாதபுரம் கொண்டுசெல்லப்பட்டார். பின்னர் ஓரியூருக்கு அனுப்பப்பட்டார். 1693 பிப்ரவரி 4ஆம் நாள் பாம்பாற்றங்கரையில் அவரது தலை வெட்டப்பட்டது. உடல் கழுமரத்தில் தொங்கவிடப்பட்டது. கிறித்தவர் நெற்றியில் சாம்பல் பூசித் தவக்காலத்தைத் தொடங்கும் திருநீற்றுப் புதன் அந்நாள்.

கல்லறையின் இடத்தில் மண்

தமிழர் வழக்கில் இறந்தோர்க்குரிய கடன் உடலைச் சார்ந்தது. நீராட்டுதல், மாலையிடுதல், ஒப்பாரி, அடக்கம் ஆகிய அனைத்திற்கும் உடல் வேண்டும். ஓரியூரில் இவற்றுள் எதுவும் இயலவில்லை. ஆள்வோரின் ஆணையால் கொல்லப்பட்டவருக்கு வெளிப்படையாக அழுவதே இடருக்குரியது. விலங்குகளும் பறவைகளும் சிதைத்தபின் எஞ்சிய எலும்புகளைக் கிறித்தவர்கள் திரட்டினர். அவையும் கோவாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. தம்மை வளர்த்த மேய்ப்பருக்கென இறைமக்களிடம் ஒரு கல்லறைகூட இல்லை.

அந்த வெற்றிடத்தை நிரப்பியது கொலைக்களத்தின் மண். ஓரியூர் மணல் அவரது குருதியால் சிவந்தது என்பது மக்கள் நம்பிக்கை. அம்மண்ணை எடுத்து நெற்றியிலும் உடலிலும் பூசுகின்றனர். நோயுற்றோருக்காக வீட்டிற்கும் கொண்டுசெல்கின்றனர். மருத்துவ நம்பிக்கையாக மட்டும் இதனைக் கொண்டால் அதன் தொடக்கம் மறைந்துவிடும். அடக்கம் செய்ய உடல் கிடைக்காத மக்கள், இறந்தவரைத் தாங்கிய நிலத்தையே அவரது உடலாகக் கொண்டனர் என்பது பொருத்தமான விளக்கமாகும்.

நடுகல் மரபோடு ஒப்பீடு

வன்சாவுற்ற வீரனை வழிபடுதல் தமிழகத்தின் தொல்மரபு. காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என அதன் நிலைகளைத் தொல்காப்பியம் வகுக்கிறது. மறவர் சீமையில் இம்மரபு வலுவாக வேரூன்றியிருந்ததால், கொலையுண்ட குருவின் குருதி படிந்த இடம் ஆற்றலுடையது என்னும் எண்ணம் கிறித்தவர் அல்லாதாருக்கும் எளிதில் விளங்கிற்று. ஆயினும் இங்கு அடிப்படையான ஒரு வேறுபாடு உண்டு. நடுகல் வீரன் படைக்கலம் ஏந்தி, ஆநிரைக்காகவோ ஊருக்காகவோ பொருது வீழ்ந்தவன். அருளானந்தரோ படைக்கலம் ஏந்தாதவர், தப்பிச்செல்ல முயலாதவர். மரபின் வடிவத்தை ஏற்ற மக்கள், வீரம் என்பதன் பொருளை மாற்றியமைத்தனர்.

நேர்த்திக்கடனும் இரங்கலும்

ஓரியூருக்கு வருவோர் முடி காணிக்கை செலுத்துகின்றனர். ஆடு நேர்ந்து வெட்டிச் சமைத்து உறவினரோடும் பிறரோடும் பகிர்ந்துண்கின்றனர். இவர்களுள் இந்துக்களும் பெருமளவில் உள்ளனர். இவ்விரு வழக்கங்களையும் இந்து சமயத்தின் எச்சமெனக் கூறி ஒதுக்குவது பலரிடம் காணப்படும் போக்கு. தமிழர் வாழ்வில் முடி மழித்தல் கோயில் நேர்த்திக்கு மட்டும் உரியதன்று. தந்தை இறந்தால் மகன் செய்யும் கடனும் அதுவே. பகிர்ந்துண்ணலும் இறப்புச் சடங்கின் நிறைவில் உறவை மீண்டும் இணைக்கும் செயல். குருவைச் ‘சாமி’ என்றும் தந்தை என்றும் விளிக்கும் மக்கள் இச்செயல்களைச் செய்யும்போது நேர்த்தியும் இரங்கலும் ஒன்றையொன்று தழுவி நிற்பதைக் காணலாம். பங்கேற்போர் தம் செயலை நேர்த்தி என்றே பெயரிட்டழைப்பர். எனினும் அதன் வடிவம் பழைய துயரின் சாயலைத் தாங்கியுள்ளது.

தஞ்சையும் சருகணியும்

உடல் கிடைத்த இடங்களில் இரங்கல் வேறு வடிவம் கொண்டது. தஞ்சையில் சீர்திருத்தச் சபைப் பணியாளர் சுவார்ட்சு 1798 பிப்ரவரி 13இல் இறந்தபோது, அவரைத் தந்தையெனப் போற்றிய, அப்போது இன்னும் அரியணை ஏறாத இளவரசர் இரண்டாம் சரபோசி நேரில் வந்து கண்ணீர் விட்டார். பின்னர் ஆங்கிலச் சிற்பி பிளாக்ஸ்மனைக் கொண்டு பளிங்கு நினைவுச்சின்னம் அமைத்தார். இறக்கும் குருவின் படுக்கையருகே மன்னர் நிற்கும் காட்சி அதில் செதுக்கப்பட்டுள்ளது. ஓரியூரில் அரசாணை கொன்றது. தஞ்சையில் அரச குலத்தவரே முதல் இரங்கலாளராக நின்றார். ஆதலால் தஞ்சையின் நினைவு பளிங்கிலும் எழுத்திலும் பதிந்தது. ஓரியூரின் நினைவோ மண்ணிலும் உடலிலும் தங்கியது.

தேவகோட்டையை அடுத்த சருகணி மூன்றாவது வடிவத்தைக் காட்டுகிறது. பிரான்சில் பிறந்த இயேசு சபைக் குரு லெவே அடிகளார் இராமநாதபுரம், சருகணி முதலிய இடங்களில் பல்லாண்டுகள் பணியாற்றி, 1973 மார்ச் 21இல் சருகணியிலேயே உயிர்நீத்து அங்கேயே அடக்கம் செய்யப்பட்டார். வறண்ட சீமையில் நீர்நிலைகள் அமைக்க உதவியவர் என்று மக்கள் அவரை நினைக்கின்றனர். அவரது கல்லறை இறைவேண்டலுக்குரிய இடமாயிற்று; புனிதர் நிலைக்கான ஆய்வும் தொடங்கப்பட்டு, இறை ஊழியர் என அவர் அழைக்கப்படுகிறார். அருளானந்தரைப் பொறுத்தவரை அருளாளர் பட்டம் 1853இலும் புனிதர் பட்டம் 1947 சூன் 22இலும் வழங்கப்பட்டன. இவ்விருவர் நிலையிலும் மக்களின் நினைவேந்தல் முந்தியது. திருச்சபையின் ஆய்வு அதனைப் பின்தொடர்ந்தது.

முடிவுரை

மேய்ப்பரை இழந்த இறைமக்கள் தமக்குக் கிட்டியதைக் கொண்டே தம் கடனைச் செய்தனர். தஞ்சையில் அது பளிங்கு, சருகணியில் கல்லறை, ஓரியூரில் மண். இம்மூன்றுள் ஓரியூர் வழக்கமே ஆய்வாளரின் கூடுதல் கவனத்தை வேண்டுவது. ஏனெனில், எழுதத் தெரியாதவரும் எழுத அஞ்சியவருமான மக்களின் இரங்கலுக்கு அதுவன்றி வேறு ஆவணம் இல்லை. செம்மண் பூசுதலையும் முடி மழித்தலையும் மூடநம்பிக்கையென நீக்கினால், அம்மக்கள் தம் மேய்ப்பருக்காக அழுதனர் என்பதற்கான சான்றும் உடன் நீங்கிவிடும். தமிழகக் கிறித்தவ வரலாற்றை எழுதுவோர் கடிதங்களுக்குத் தரும் இடத்தை இச்சடங்குகளுக்கும் தருதல் வேண்டும்.