ஓ.இ. பின்னை எந்தப் பக்கம் இழுக்கணும்?

போன எபிசோடுல, 3.3 வோல்ட் ஈஎஸ்பி32-ல இருந்து 5 வோல்ட் மோட்டார் டிரைவருக்கு சிக்னல் அனுப்ப 74எச்சிடி125 பஃபர் போட்டோம். அதுல இருக்கிற அவுட்புட் எனேபிள், சுருக்கமா ஓ.இ. பின்தான் இன்னைக்கு.

இந்த பின்னால ஆஃப் பண்ணினா, அவுட்புட் ஹையும் இல்ல, லோவும் இல்ல. சிப் அந்த லைனைக் கைவிட்டுடும். ஒரே லைனை ரெண்டு சிப் பகிர்ந்துக்க இது உதவும். ஆனா எனக்கு முக்கியமாப் படுறது, பவர் வந்த முதல் சில மில்லிசெகண்ட். உங்க கோடு ஓட ஆரம்பிக்கும் முன்னாடி கண்ட்ரோலர் பின்கள் அந்தரத்துல தொங்கும். அப்போ பஃபர் ஆன்ல இருந்தா மோட்டார் சும்மாவே சுத்தலாம்.

அதனால 10 கிலோஓம் ரெசிஸ்டர் போட்டு ஓ.இ.-யை ஆஃப் பக்கம் இழுத்து வைங்க. எந்தப் பக்கம்ங்கிறதுலதான் வம்பு. 125-க்கு லோ கொடுத்தா ஆன், அதனால மேல இழுக்கணும். அதே பின் வரிசையில வர்ற 126-க்கு ஹை கொடுத்தா ஆன், கிரவுண்டுக்கு இழுக்கணும். டிஎக்ஸ்எஸ்0108இ-யும் இந்த ரகம்தான். (ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணை மாட்டினா எல்லாம் தலைகீழ்!)

மேல இழுக்கும்போது 3.3 வோல்ட்டே போதும். எச்சிடி சிப் 2 வோல்ட்டையே ஹைன்னு எடுத்துக்கும். 5 வோல்ட்டுக்கு இழுத்தா அது ஈஎஸ்பி32 பின்னுக்கும் போகும்.

இன்னொண்ணு: பஃபர் ஆஃப்ல இருந்தா அதோட அவுட்புட்டும் அந்தரம்தான். மோட்டார் டிரைவர் இன்புட்லயும் கிரவுண்டுக்கு ஒரு 10 கிலோஓம் போடுங்க.