கழன்ற சிலிப்பரும் 90 நாளும்

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தாமானில் அக்கா ஒருவரோடு கடைக்கு நடந்துகொண்டிருந்தேன். இருபதடி தாண்டியதும் பார்த்தால் அவருக்கு இடது கால் வெறுங்கால். சிலிப்பர் பின்னால் ரோட்டில் கிடந்தது. கழன்றது அவருக்குத் தெரியவே இல்லை. “ரெண்டு வருஷமா இப்படித்தான் தம்பி. கால் இருக்கு, ஆனா என்னோடது மாதிரி இல்ல” என்றார். இளவயதில் எஸ்டேட்டில் மருந்தடித்தவர். தோட்டம் கைமாறியதும் ஈப்போவில் துப்புரவு வேலைக்குப் போனார். இனிப்பு நீர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில், நோயால் உழைக்க முடியாமல் போனவர்களுக்குத் தரும் ஈலாட் பென்ஷனுக்கு மனுப் போட்டிருந்தார், கிடைக்கவில்லை. அந்தக் கடிதம் சாமி படத்துக்குப் பின்னால் செருகியிருந்தது.

அங்கே செருகிய கடிதம் பெரும்பாலும் 90 நாள் கழித்துத்தான் வெளியே வருகிறது. மருத்துவக் குழுவின் முடிவில் திருப்தி இல்லையென்றால், முடிவு தெரிவிக்கப்பட்டதிலிருந்து 90 நாளுக்குள் மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். மலாயில் ஜெமாஆ டாக்டர் ராயுவான் என்பார்கள். கடிதம் வந்த கவரையும் தூக்கிப்போடாதீர்கள், தேதிக்கு அதுவும் ஒரு சாட்சி.

அக்காவைப் போன்ற நரம்பு நோய்க்காரர்கள் முதல் சுற்றில் தோற்பதற்கு ஒரு காரணம், இந்த நோய் பார்வைக்குத் தெரியாது. கை போனால் தெரியும், முதுகெலும்பு உடைந்தால் எக்ஸ்ரே காட்டும். பாதத்தில் எறும்பு ஊர்வது, இராத்திரி எரிச்சல், அப்புறம் மரத்துப்போவது எல்லாம் எந்தப் படத்திலும் விழாது. மேசைக்கு எதிரே உட்கார்ந்து நன்றாகப் பேசுகிற ஆளைப் பார்த்தால் யாருக்கும் நோயாளி என்று தோன்றாது. நரம்பு எவ்வளவு வேகமாகச் செய்தி கடத்துகிறது என்று அளக்கும் பரிசோதனை இருக்கிறது. கிளினிக் டாக்டரிடம் கேட்டால் அந்த வசதியுள்ள பெரிய மருத்துவமனைக்கு எழுதிக் கொடுப்பார். ஆனால் மெல்லிய நரம்பிழைகள் மட்டும் கெட்டிருந்தால் அதிலும் எல்லாம் சரி என்றே வரும். “டெஸ்ட் நார்மல்” என்று ஒருவர் சொன்னதும் வாயடைத்துப் போக வேண்டாம். இனிப்பு நீருக்குத் தரும் மெட்ஃபோர்மின் மாத்திரையை வருடக்கணக்கில் சாப்பிட்டால் பி12 சத்து குறையக்கூடும், அதுவும் நரம்பைக் கெடுக்கும். அந்த ரத்தப் பரிசோதனையையும் கேளுங்கள். சரிசெய்யக்கூடிய காரணம் ஒன்று விட்டுப்போயிருந்தால் குழு அதைத்தான் முதலில் பிடிக்கும்.

1969ஆம் ஆண்டு ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தில் இரண்டு கதவுகள் உண்டு, பலர் தப்பான கதவைத் தட்டிவிடுகிறார்கள். ஈலாட் என்பது முதல் கதவு. நோய் வேலையால் வந்ததா, இனிப்பு நீரால் வந்ததா என்ற கேள்வி அங்கே கிடையாது. தீராத நோய், வழக்கமாகச் சம்பாதித்ததில் மூன்றில் ஒரு பங்குகூட இனிச் சம்பாதிக்க முடியாது என்ற நிலை, வயது 60க்குள், இவைதான் பார்ப்பார்கள். 60 தாண்டியவர், அதற்கு முன்பே நோய் வந்து வேலையை நிறுத்தியதைக் காட்டினால் வழி உண்டு. பென்ஷன் சராசரிச் சம்பளத்தில் 50 முதல் 65 விழுக்காடு.

இதில் தோட்டத்து ஆட்களை வீழ்த்துவது சந்தா கணக்கு. மனுவுக்கு முந்திய 40 மாதத்தில் 24 மாதம் சந்தா கட்டியிருக்க வேண்டும். எஸ்டேட்டில் இருந்தவரை சந்தாவைக் கிராணி ஆபீஸில் பிடித்தார்கள். வீடமைப்புக்கு நிலம் போனபின் கான்ட்ராக்டரிடம் நாள்கூலி, சம்பளம் கையில், சொக்சோ இல்லை. காலில் உணர்ச்சி போகிற வருடங்களும் சந்தா விட்டுப்போன வருடங்களும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன. அப்போதும் முடிந்துவிடவில்லை. வேலையில் சேர்ந்ததிலிருந்து மொத்த மாதங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குச் சந்தா இருந்தால் முழுப் பென்ஷன், மூன்றில் ஒரு பங்கென்றால் குறைந்த பென்ஷன், இரண்டிலும் குறைந்தது 24 சந்தா வேண்டும். எந்தச் சொக்சோ அலுவலகத்திலும் ஐசியைக் காட்டிப் பழைய கணக்கைக் கேட்கலாம். முதலாளி பதிவு செய்யாமல் விட்டது குற்றம். அதைப் புகாராக எழுதிக் கொடுங்கள்.

இரண்டாவது கதவு, வேலையால் வந்த ஊனம். சட்டத்தின் ஐந்தாவது அட்டவணை தொழில்நோய்களை வரிசையாகச் சொல்கிறது. ஆர்சனிக், பாதரசம் போன்ற நஞ்சுகளும் மெஷின் அதிர்வால் கெடும் நரம்புகளும் அதில் உண்டு. அந்தக் காலத்து ரப்பர் தோட்டங்களில் களைக்கு அடித்தது சோடியம் ஆர்சனைட். அதன் இடத்துக்கு வந்த பராகுவாட் 2002இல் தடை, 2006இல் தடை நீக்கம், 2020இல்தான் முழுத் தடை. பெண்கள் முதுகில் தோம்பைச் சுமந்து அடித்த அந்த மருந்தின் பேர் எந்தச் சம்பளச் சீட்டிலும் இல்லை. தொழில்நோய் வேலையை விட்டு 60 மாதத்துக்குள் தென்பட வேண்டும் என்பது இன்னொரு சிக்கல்.

இந்தக் காலக்கெடுத் தொல்லை நமக்கு மட்டுமில்லை. வியட்நாமில் ஏஜெண்ட் ஆரஞ்சு என்ற களைக்கொல்லிக்கு ஆளான அமெரிக்க வீரர்களுக்கு நரம்பு நோய் அதனால்தான் என்று அந்த நாட்டுச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் நஞ்சுக்கு ஆளான ஒரு வருடத்துக்குள் அது தலைகாட்டியிருக்க வேண்டும். அந்த நஞ்சின் பாதியான 2,4,5-டியை அவசரகாலத்தில் பிரிட்டிஷார் மலாயாவிலும் தெளித்தார்கள். அவசரகாலம் தொடங்கியதே 1948இல் சுங்கை சிப்புட் தோட்டங்களில் நடந்த கொலைகளிலிருந்துதான்.

அப்பீலில் என்ன எழுதுவது? “கால் வலிக்கிறது” என்றால் போதாது. எத்தனை நிமிடம் நிற்க முடியும், படியில் கைப்பிடி இல்லாமல் இறங்க முடியுமா, தண்ணீர் சூடா என்று கால் சொல்லுமா, எந்த வேலையை எந்த மாதம் விட்டீர்கள், எத்தனை தரம் விழுந்தீர்கள் என்று எழுதுங்கள். டாக்டர் அறிக்கையில் “இனிப்பு நீர், நரம்பு பாதிப்பு” என்ற ஒற்றை வரி இருந்தால் விவரமாகக் கேட்டு வாங்குங்கள். சந்தா போதாது, வேலை விபத்தில்லை என்பது போன்ற மருத்துவம் சாராத மறுப்புக்கு வேறு இடம்: சமூகப் பாதுகாப்பு மேல்முறையீட்டு வாரியம். அதற்கு மேலே, சட்டக் கேள்விக்கு உயர்நீதிமன்றம்.

அக்காவின் கடிதத்தை எடுத்து எண்ணினோம், 61ஆவது நாள். மறுநாள் காலையில் கிளினிக் போனோம். தாதி கண்ணை மூடச் சொல்லி, நைலான் இழை ஒன்றால் பாதத்தில் ஒவ்வோர் இடமாகத் தொட்டார். தொட்டால் சொல்லுங்கள் என்றிருந்தார். அக்கா பொறுமையாகக் காத்திருந்தார். கடைசியில் கண்ணைத் திறக்காமலேயே கேட்டார்: “எப்பம்மா ஆரம்பிப்பீங்க?”

தாதி அதற்குள் பத்து இடம் முடித்திருந்தார். அட்டையில் சுழியம் எழுதி, அறிக்கையோடு ஒரு நகலும் எடுத்துக் கொடுத்தார்.